குடியிருந்தவரிடம் வாங்கிய கையெழுத்து

ஒரு மனிதரிடம் வாங்கக் கூடாத கையெழுத்து ஒன்றை நான் வாங்கினேன். அவர் என் வீட்டில் ஆறு வருடம் வாடகைக்கு இருந்தவர். என் மனைவி படுக்கையில் கிடந்த காலம் முழுவதும் விடியற்காலையில் வந்து அவளைப் பராமரித்தவர் அவருடைய மனைவி. இருவருக்கும் நான் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. கடைசியில் அவர்கள் வீட்டை விட்டுப் போகவும் நானே காரணமானேன். போன தை மாதம், எழுபத்தெட்டு வயதில், அவர்களைத் தேடிப் போய் முகத்துக்கு நேரே பேசிவிடுவது என்று முடிவெடுத்தேன். வாசல் படலையோடு திருப்பி அனுப்பினாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் திரும்புவது. அந்த முடிவுக்கு வர எனக்கு ஏறத்தாழ ஒரு வருடம் எடுத்தது. ஏன் எடுத்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் காணிப் பதிவுக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவன். காணி உறுதிப் பத்திரங்களைப் படிப்பதும் பதிவதும் பழைய தோம்புப் பதிவேடுகளோடு ஒப்பிடுவதும்தான் என் சீவியம். எங்கள் பக்கத்து உறுதிகளில் கிணற்றில் எட்டில் ஒரு பங்கு, வழிவாய்க்காலில் பங்கு, வடக்கு வேலியில் நிற்கும் பனையில் பங்கு என்றெல்லாம் எழுதியிருக்கும். ஒரு பனைக்காகச் சகோதரர்கள் இருபது வருடம் பேசாமல் இருந்ததை நான் கண்டிருக்கிறேன். அதனால் ஒரு வீட்டு வளவைப் பார்த்தால் எனக்கு நிழல் தெரியாது, உரிமைகள்தான் தெரியும்.

யாழ்ப்பாண நகருக்கு வடக்கே, சுன்னாகத்துக்கும் தெல்லிப்பழைக்கும் இடையில் எங்களுக்கு இரண்டு வீடுகள். ஒன்றில் நானும் மனைவியும் இருந்தோம். அதன் முன்பக்கத்து வீடு மகளுக்குச் சீதனமாக எழுதியது. மகள் கனடாவில் இருக்கிறாள். அந்த வீட்டை வாடகைக்குக் கேட்டு வந்தவர்கள் கடலோரக் குருநகரைச் சேர்ந்த கத்தோலிக்கத் தம்பதி. மனைவி தெல்லிப்பழை வைத்தியசாலையில் தாதி. கணவர் மீன்பிடி வள்ளங்களின் இஞ்சின் திருத்துபவர். மனைவியின் வேலைக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்பதற்காக அவர் தினமும் மோட்டார் சைக்கிளில் குருநகருக்குப் போய் வந்தார்.

வந்த முதல் நாளே சுவரில் புதிதாக ஆணி அடிக்கக் கூடாது என்று சொன்னேன். ஏற்கெனவே இருந்த ஒரே ஆணியில் அவர்கள் மாதா படத்தை மாட்டினார்கள். நாங்கள் மரக்கறிக்காரர். வெள்ளிக்கிழமைகளிலும் கந்தசஷ்டி நாட்களிலும் முன்வீட்டுக் குசினியிலிருந்து மீன் மணம் வராது. நாங்கள் அப்படி ஒரு சொல் கேட்டதில்லை, அவர்களாகவே செய்தார்கள். என் மனைவி அதைக் கவனித்து என்னிடம் சொன்னாள். “நல்ல சனம்” என்று சொல்லிவிட்டு நான் பேப்பரைப் புரட்டினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வாசிகசாலையில் எந்தக் கூட்டம் நடந்தாலும் நன்றியுரை சொல்வது நான்தான். தலைமை தாங்கியவரிலிருந்து ஒலிபெருக்கி கட்டியவர் வரைக்கும் ஒருவரையும் விடமாட்டேன். கைதட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். வீட்டுக்குள் அந்தச் சொல் என் வாயில் வந்ததில்லை.

ஒரு வைகாசியில் மனைவிக்குப் பாரிசவாதம் வந்தது. இடப்பக்கம் முழுவதும் விழுந்துபோனது. பேச்சும் குழறியது. வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு முன்வீட்டுத் தாதி வந்து கதவைத் தட்டினார். கூப்பிட்டது யாருமில்லை. உடம்பைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, முதுகில் புண் வராமல் மருந்து பூசி, துணிகளை எடுத்துக்கொண்டு போனார். அவற்றைத் தோய்த்துக் காயவைத்து மாலையில் மடித்துக் கொண்டுவந்து வைத்தார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. காலை வேலைக்குப் போகுமுன் எங்கள் வீடு, பிறகுதான் வைத்தியசாலை. நான் அந்த நேரத்தில் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் கதிரையில் இருப்பேன். போகும்போது “வாறன் ஐயா” என்பார். நான் “ம்” என்பேன்.

“இஞ்சேருங்கோ,” என்று மனைவி ஒருநாள் குழறிய வாயால் கேட்டாள். “அந்தப் பிள்ளைக்கு ஒரு சொல்லுச் சொன்னனீங்களே?”

“என்ன சொல்லுறது? எங்கடை வீட்டிலைதானே இருக்கினம்.”

“வீட்டிலை இருக்கிறதுக்கு வாடகை தருகினம்.”

அவள் மறுபடி கேட்கும் போதெல்லாம் எழும்பிப் போய்விடுவேன்.

அவள் படுத்திருந்த கட்டிலின் யன்னல் முன்வளவைப் பார்த்தபடி இருந்தது. போரில் இடம்பெயர்ந்து நாங்கள் திரும்பி வந்தபோது அந்த வளவிலிருந்த தென்னைகள் எல்லாம் ஷெல்லடியில் தலையில்லாமல் நின்றன. அவற்றை வெட்டி விற்றோம். பிறகு நான் ஒன்றும் வைக்கவில்லை. “அந்த மூலையிலை மூண்டு தென்னங்கண்டு வையுங்கோவன், பாத்துக்கொண்டு கிடக்கலாம்” என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மாரி தொடங்கட்டும் என்றேன். மாரி வந்தது, போனது. அடுத்த மாரிக்குப் பார்ப்போம் என்றேன். அடுத்த புரட்டாதி முடிவில் அவள் போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடிந்து உறவினர் கலைந்து போன மறுநாள் காலை, அந்த யன்னலடியில் நின்று பார்த்தேன். முன்வளவு மூலையில் மூன்று தென்னங்கன்றுகள் நின்றன. சுற்றிலும் பாத்தி கட்டி, உமி போட்டு, ஆடு கடிக்காமல் பழைய மீன்வலையால் அடைத்திருந்தது.

என் மனதில் முதலில் எழுந்தது என்ன என்பதை உள்ளபடி சொல்கிறேன். எங்கள் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம்தான் எழுந்தது. பிறர் காணியில், காணிக்காரன் சம்மதத்தோடு தென்னை வைத்தவனுக்குக் காயில் பங்கு உண்டு என்பதை நான் கந்தோரில் சேர்ந்த முதல் வருடமே படித்தவன். ஆறு வருடமாகக் குடியிருக்கிறவன், என் மனைவி செத்து ஒரு மாதத்தில், கேட்காமல் பயன்மரம் வைக்கிறான். நான் பேசாமல் இருந்தால் அதையே சம்மதம் என்பார்கள். மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். நாளைக்கு இந்தக் காணி வழக்கில் நிற்கும். முகம் கழுவுவதற்கு முன்பே இவ்வளவும் யோசித்து முடித்துவிட்டேன்.

அவர் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். மறித்தேன்.

“தம்பி, உது என்ன?”

“தென்னங்கண்டு ஐயா.” முகம் மலர்ந்திருந்தது. “நல்ல இனம். பளைப் பக்கமிருந்து கொண்டந்தனான்.”

“ஆரைக் கேட்டு வைச்சனீர்?”

“அம்மா…” என்று தொடங்கினார்.

“அம்மாவை உதுக்குள்ளை இழுக்காதையும். அவ இனி வந்து ஓம் எண்டோ இல்லையெண்டோ சொல்லப்போறாவே?”

அவர் முகத்திலிருந்த சிரிப்பு நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை.

“பயன்மரம் வைக்கிறதெண்டால் காணிக்காரன்ரை சொல்லு வேணும். உது உமக்குத் தெரியாதே?”

“தெரியாது ஐயா. நான் கடல்காரன்.”

“தெரியாட்டில் கேட்டிருக்கவேணும்.”

“ஓம் ஐயா,” என்றார். அவ்வளவுதான்.

அன்று மாலையே கன்றுகளைக் கிண்டி எடுத்துவிட்டார். குழிகளை மூடி, மேலே மண்ணை வாரிச் சமப்படுத்தியும் இருந்தார். எங்கே கொண்டுபோனார் என்று நான் கேட்கவில்லை. அதோடு விட்டிருந்தால் என் தவறு பாதியாக இருந்திருக்கும். நான் விடவில்லை. உறுதி எழுதும் நடையில் ஒரு தாள் எழுதினேன்: மேற்படி வளவிலோ அதில் தன்னால் நடப்பட்ட மரங்களிலோ அவற்றின் பயனிலோ தனக்கோ தன் வாரிசுகளுக்கோ எவ்வித பாத்தியதையும் இல்லை, இனிமேல் கோரவும் மாட்டேன். மூன்றாம் நாள் காலை அதை அவரிடம் நீட்டினேன்.

“எங்கை ஐயா வைக்கிறது?”

“முதலிலை வாசியும்.”

“நீங்கள் எழுதினது சரியாத்தான் இருக்கும்.”

மோட்டார் சைக்கிள் இருக்கையில் தாளை வைத்துக் கையெழுத்திட்டார். அவர் மனைவி படலையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். ஒரு நல்ல காரியம் முடித்த திருப்தி எனக்கு இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே அவர்கள் வீட்டை விட்டார்கள். சாவி தரத் தாதி வந்தார். “வெள்ளை அடிச்சிருக்கு ஐயா. கிணத்து வாளிக்குப் புதுக்கயிறு போட்டிருக்கு,” என்றார். அப்போதும் நான் “ம்” என்றுதான் சொன்னேன்.

அடுத்த மாதம் மகள் வீடியோவில் கதைத்தாள். இடையில் கேட்டாள்.

“அப்பா, அந்த அண்ணை மூண்டு தென்னையும் வைச்சிட்டாரோ?”

“எந்தத் தென்னை?”

“அம்மா கேட்டதெல்லோ. என்னட்டைச் சொல்லிச் சிரிச்சவா. ‘உன்ரை அப்பாவைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு, முன்வீட்டுத் தம்பியிட்டைச் சொல்லிப்போட்டன், அவர் வைப்பார்’ எண்டு.”

நான் போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். மகள் “அப்பா, படம் வரேல்லை” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அன்றே புறப்பட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. தாதியை வைத்தியசாலையில் காண நேரும் என்று பயந்து, என் நீரிழிவு மருந்தைத் தெல்லிப்பழையில் எடுப்பதை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் மருத்துவரிடம் மாறினேன். ஒருமுறை சுன்னாகம் சந்தையில் தூரத்தில் கணவரைக் கண்டேன். வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் நின்று, அவர் போகும் வரைக்கும் வெங்காயம் வாங்குகிறவன் போல விலை கேட்டுக்கொண்டிருந்தேன். எழுபது வயது தாண்டியவன் வெங்காய மூட்டைக்குப் பின்னால் ஒளிந்ததை யாரிடம் சொல்வது?

மனைவியின் ஆண்டுத்திவசம் வந்தது. உறவினர்கள் பந்தியில் இருந்தார்கள். மைத்துனர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “அத்தான் தனியாளா நிண்டு அக்காவைப் பாத்தவர். வேறை ஆராலை முடியும்?” எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். நான் திருத்தவில்லை. வாயில் பாயசம் இருந்தது. அதை விழுங்கினேன்.

அந்தப் பாயசம் எனக்கு இறங்கவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நாளும் அந்தப் புகழைத் திருடிக்கொண்டு திரிகிறவனாகத்தான் எனக்கு என்னைத் தெரிந்தது. மாரி முடியட்டும் என்று ஒருமுறை நினைத்தேன். மாரியைச் சாட்டித் தள்ளிப்போடுவது இந்த வாய்க்குப் புதிதல்ல என்பது உடனே உறைத்தது. மழை விட்ட முதல் கிழமையே போவது என்று நாள் வைத்தேன்.

என் நாக்கை நான் நம்பவில்லை. அதனால் எழுதினேன். அவரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியவன் நான். இன்னொரு தாளில் என் கையெழுத்தைக் கொடுப்பது முறை என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த ஒரே நடை உறுதி நடை. “கீழே கையெழுத்திடும் நான்” என்று தொடங்கி, நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினேன். கடைசியில் பழக்கதோஷத்தில் சாட்சிகளுக்கு இரண்டு கோடு போட்டு வெறுமையாக விட்டேன். பழைய தாளையும் எடுத்துக்கொண்டேன்.

காலை பஸ்சில் யாழ்ப்பாணம் இறங்கி, ஓட்டோ பிடித்துக் குருநகர்க் கரைக்குப் போனேன். வெள்ளை வேட்டி, குடை, கையில் பெரிய கடித உறை. வள்ளங்கள் இழுத்துவிட்டிருந்த இடத்தில் தகரக் கொட்டில் ஒன்றின் கீழ் மூன்று பேர் ஓர் இஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வயதான ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன ஐயா, இஞ்சின் பழுதோ? வள்ளத்தை எங்கை விட்டிட்டு வாறியள்?”

மற்றவர், தாடி வைத்த இளந்தாரி, சிரித்தார். மூன்றாமவர் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோதுதான் அவர் என்னிடம் குடியிருந்தவர் என்று தெரிந்தது. என் கையிலிருந்த உறையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“என்ன ஐயா, இன்னும் ஏதும் கையெழுத்து வேணுமோ?”

இளந்தாரியின் சிரிப்பு நின்றது. அவர்களுக்கும் கதை தெரியும் போலிருந்தது.

“ஓம் தம்பி, கையெழுத்து விசயமாத்தான் வந்தனான்,” என்றேன். “உம்மடை இல்லை, என்ரை.” உறையை நீட்டினேன்.

அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். கறுப்பு ஒயில் வழிந்தது. “எப்பிடி வாங்குறது? நீங்களே வாசியுங்கோ.”

“இஞ்சையோ?”

“ஏன், இவையள் அந்நியரே?”

நான் எதிர்பார்த்தது ஒரு வீடு, ஒரு கதிரை, மூடிய கதவு. கிடைத்தது மூன்று பேரும் திறந்த கரையும். திரும்புவதில்லை என்று வந்தவன். குடையைக் கொட்டில் தூணில் சாத்திவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தேன். என் மனைவி நோயாகக் கிடந்த பதினான்கு மாதமும் இவருடைய மனைவி ஒவ்வொரு நாளும் வந்து பணிவிடை செய்ததையும், அதற்கு நான் ஒரு சொல்லும் சொல்லாததையும், என் மனைவியின் விருப்பப்படியே இவர் தென்னை நட்டதையும், அதைச் சொல்ல வந்தபோது நான் வாயை அடைத்ததையும், காரணமில்லாத சந்தேகத்தால் கையெழுத்து வாங்கியதையும் வாசித்தேன். மன்னிப்புக் கேட்கும் இடங்களில் நிறுத்தி, மூச்சு வாங்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். முடிந்ததும் பழைய தாளை எடுத்து அவர் முன்னால் நாலாகக் கிழித்தேன்.

வயதானவர்தான் முதலில் வாய் திறந்தார். “சாட்சிக் கோடு வெறுமையாக் கிடக்கே.”

“ஆரிட்டைக் கேக்கிறதெண்டு தெரியேல்லை.”

“நாங்கள் கேட்டனாங்கள்தானே. கொண்டாங்கோ பேனையை.” கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினார். இளந்தாரியும் எழுதினார். தாளின் ஓரத்தில் பெருவிரல் ஒயில் பதிந்தது. “பாத்தியளே, கைநாட்டும் சேத்து விழுந்திட்டுது,” என்றார்.

குடியிருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. இஞ்சின் துண்டு ஒன்றைத் துடைத்தபடி சொன்னார்: “நான் அண்டைக்கு அந்தத் தாளை வாசிக்கேல்லை ஐயா. வாசிச்சிருந்தா ஊர் கேக்க உங்களைப் பேசியிருப்பன். என்ரை மனுசிதான் படலையடியிலை நிண்டு பாத்தவ. ஆறு மாசம் என்னோடையும் சரியாக் கதைக்கேல்லை, ஏன் கையெழுத்து வைச்சனி எண்டு. இதைக் கொண்டுபோய் அவவிட்டைக் குடுங்கோ.”

“எங்கை இருக்கிறா?”

“தெல்லிப்பழையிலைதான். ஆசுப்பத்திரிக்குப் பின்னொழுங்கை, ரெண்டாவது படலை. உங்கடை வீட்டிலையிருந்து சைக்கிளிலை பத்து நிமிசம்.”

குருநகருக்கே திரும்பிவிட்டார்கள் என்று நான் நினைத்தவர்கள், ஒரு வருடம் முழுவதும் பத்து நிமிடத் தூரத்தில் இருந்திருக்கிறார்கள்.

அன்று மாலை நான்கு மணிக்கு அந்தப் படலையில் நின்றேன். தாதி வேலை உடுப்பு மாற்றாமல் வெளியே வந்தார். கணவர் போனில் சொல்லியிருக்க வேண்டும். ஆச்சரியப்படவில்லை. இருங்கோ என்றும் சொல்லவில்லை. கையை நீட்டித் தாளை வாங்கி, வாசலில் நின்றபடியே, நோயாளியின் அட்டையை வாசிப்பவர் போல விரலை வைத்து வரி வரியாக வாசித்தார். இரண்டாம் பந்தியில் விரல் நின்றது.

“பதினாலு மாசமில்லை ஐயா. பதினாறு.”

“பதினாறோ?”

“வைகாசியிலை விழுந்தவா. எண்ணிப் பாருங்கோ.”

எண்ணினேன். பதினாறுதான். கந்தோரில் முப்பத்தொரு வருடம் திகதி பார்த்தவன் அதில்கூடப் பிழை விட்டிருந்தேன்.

“ஒவ்வொரு நாளும் எண்டு போட்டிருக்கிறியள். அதுகும் பிழை. பெரிய வெள்ளிக்கு நான் வரேல்லை.”

“வந்தனீர் பிள்ளை. வேலையெல்லாம் முடிஞ்சு கிடந்ததே.”

“நீங்கள் வெள்ளிக்கிழமை காலமை கோயிலுக்குப் போற ஆளெல்லோ. எனக்கு அண்டைக்கு முழுநாளும் எங்கடை மாதா கோயில். முதல்நாள் ராத்திரியே உடம்பு துடைச்சு எல்லாம் செய்துபோட்டு, காலமைக் கஞ்சிக்கு அவரை அனுப்பினனான். மனுசன் வெக்கத்திலை முகட்டைப் பாத்துக்கொண்டுதான் அம்மாவுக்குக் கஞ்சி பருக்கினவராம். பாதி தலாணியிலை. அம்மா சிரிச்சுச் சிரிச்சு, அண்டைக்குத்தான் தென்னங்கண்டு கேட்டவா. வந்து என்னட்டைச் சொல்லிப்போட்டு, மாரி மழையோடை வைக்கிறதெண்டு, கிடங்கு எப்பிடி வெட்டுறதெண்டு யூடியூப்பிலை பாக்கத் தொடங்கினவர்.”

படலைத் தூணைப் பிடித்துக்கொண்டேன். அவர் உள்ளே போய் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். இருந்தேன். அவர் கடைசிப் பந்தி வரைக்கும் வாசித்து முடித்தார்.

“இதிலை மன்னிப்பு எண்டு மூண்டு இடத்திலை கிடக்கு,” என்றார். “நன்றி எண்டு ஒரு இடத்திலையும் இல்லை.”

தாளை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். என் குற்றத்தை எழுதுவதிலேயே முழுத் தாளையும் முடித்திருந்தேன். அவர்கள் செய்ததுகூட என் குற்றத்துக்குச் சான்றாகத்தான் அதில் நின்றது.

“மன்னிப்பு உங்களுக்கு வேண்டிக்கிடக்கு ஐயா, அது விளங்குது. நான் அதுக்குக் காத்துக்கொண்டிருக்கேல்லை. பதினாறு மாசம், ‘வாறன் ஐயா’ எண்டு சொல்லிப்போட்டு ஒரு நிமிசம் நிண்டிட்டுத்தான் படியிறங்குவன். தெரியுமே உங்களுக்கு?”

தெரியாது. நான் அப்போது தலை நிமிர்ந்து பார்த்ததில்லை.

எழும்பி நின்றேன். எத்தனையோ மேடைகளில் சொன்ன சொல். ஒலிபெருக்கி கட்டினவருக்கும் சொன்னது. “பிள்ளை, நீர் அவளை நோகாமல் பாத்தனீர். அவள் புண் இல்லாமல் போனவள். நன்றி. பெரிய நன்றி.” அதற்கு மேல் வரவில்லை. வேறு அலங்காரம் ஒன்றும் கைவசம் இருக்கவில்லை.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, “ம்,” என்றார். என்னைப் போலவே சொன்னார். வேண்டுமென்றுதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அங்கேயே, முழங்காலில் தாளை வைத்து, பதினான்கை வெட்டிப் பதினாறு என்று எழுதினேன். “ஒவ்வொரு நாளும்” என்பதை வெட்டி, பெரிய வெள்ளியன்று கணவர் வந்து கஞ்சி பருக்கியதை ஓரத்தில் சேர்த்தேன். கீழே நன்றியை, எந்தெந்த வேலைக்கு என்று பிரித்துப் பிரித்து, இடம் முடியும் வரைக்கும் எழுதினேன். ஒவ்வொரு திருத்தத்தின் பக்கத்திலும் சுருக்கக் கையெழுத்து வைத்தேன்.

“சரிதானே? தாங்கோ,” என்றார் தாதி.

“இன்னும் முடியேல்லை. உறுதியிலை திருத்தம் செய்தால் சாட்சிகளும் திருத்தத்துக்குப் பக்கத்திலை வைக்கவேணும்.”

“உதுக்காகத் திரும்பக் குருநகருக்குப் போகப்போறியளே? விசர் வேலை.”

“ஓம். நாளைக்கே போறன்.”

மறுநாள் அதே பஸ்சில் போனேன். வயதானவர் தூரத்திலேயே கண்டுவிட்டார். “வாறார் அப்புக்காத்து!” என்று வழக்கறிஞரைக் கண்டவர் போலக் கத்தினார். தாளைப் பார்த்து, “எழுத்தைவிடத் திருத்தம் கூடவாக் கிடக்கு” என்று முணுமுணுத்தபடி ஒவ்வொரு இடத்திலும் பெயரின் முதலெழுத்தை வைத்தார். இளந்தாரியும் வைத்தார். ஆனால் இளந்தாரி ஓரத்தில் சேர்த்திருந்ததை வாய்விட்டு வாசித்துவிட்டார்.

“கஞ்சி பருக்கினவரோ? எங்கடை அண்ணையோ?”

குடியிருந்தவர் எழும்பி வந்தார். அன்று அவருடைய கை சுத்தமாக இருந்தது. தாளை வாங்கி முதல் முறையாகத் தானே வாசித்தார். மேலிருந்து கீழ் வரைக்கும், ஓரத்து எழுத்துக்களையும் விடாமல், தாளைத் திருப்பித் திருப்பி வாசித்தார். காதுவரை சிவந்துபோனார்.

“ஐயா, மற்றதெல்லாம் இருக்கட்டும். உந்தக் கஞ்சிக் கதையை மட்டும் வெட்டிவிடுங்கோ. இவங்கள் சாகுமட்டும் பகிடி பண்ணுவாங்கள்.”

“வெட்டமாட்டன் தம்பி,” என்று சொல்லிப் பேனையை மூடிச் சட்டைப்பையில் வைத்தேன்.